அறுத்த தாழ்ப்பாள்

குளியலறைத் தாழ்ப்பாள் சரியாகத்தான் விழுகிறது; ஆனாலும் தள்ளினால் கதவு திறந்துகொள்கிறது. மூன்று வாரமாக அவளுக்கு இது பிடிபடவில்லை. லிஃப்ட் கம்பெனியின் பட்டறையில் நாள் முழுக்கக் கதவுப் பூட்டுகளைச் சோதிப்பதுதான் அவள் வேலை. சத்தத்தை வைத்தே பூட்டின் கோளாறைச் சொல்கிறவள், சொந்த வீட்டுத் தாழ்ப்பாளிடம் தோற்றுப்போய் நின்றாள்.

கீல் தளர்ந்திருக்கும் என்று திருகாணிகளை முறுக்கினாள். ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று ஓரத்தைச் சீவினாள். கம்பி நுழையும் தகட்டுக்கு அடியில் மரச்சில் வைத்து, கம்பிக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். இரண்டு நாள் பிடித்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இன்று காலை தலை நிறைய நுரையோடு அவள் நின்றபோது, தண்ணீர் ஃபில்டர் மாட்ட வந்தவர் கைகழுவலாம் என்று கதவைத் தள்ளினார். அவள் போட்ட கூச்சலில் அந்த மனிதர் ஸ்பேனரைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்.

உடுத்திக்கொண்ட கையோடு தாழ்ப்பாளைக் கழற்றினாள். கம்பி முழுக்கத் துரு; நுனி மட்டும் பளபளவென்று இருந்தது. ஆக்சா பிளேடால் அறுத்து, அரம் போட்டு மழுக்கிய நுனி. தகட்டை அவள் கிட்டே கொண்டுவந்ததும், மறுபடி ஒரு துண்டு அறுத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் ஆக்சா பிளேடு பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

கூடத்தில் அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கம்பியை அந்தச் சட்டைமேலேயே போட்டாள்.

“என்னண்ணா இது?”

அவன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “உன் நல்லதுக்குத்தான்.”

“என்னைக் கேட்டுட்டு அறுத்தா என்ன?”

“கேட்டா விட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் குளிக்கும்போது வலிப்பு வந்து அவள் உள்ளே விழுந்துவிட, அண்ணன்தான் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். அது உண்மை. அதற்காகத் தினம் ஏமாற்றுவதா?

மேஜையில் புத்தகம் விரிந்து கிடந்தது. தனிமனித சுதந்திரத்தின் எல்லை எது என்று பேசும் பழைய தத்துவ நூல். அஞ்சல்வழிப் படிப்பில் அடுத்த வாரம் அதில்தான் தேர்வு. அவள் அதைத் தட்டிக்காட்டினாள்.

“உன் நல்லதுக்குன்னா எனக்குப் புத்தி சொல்லு, சண்டை போடு, கெஞ்சு. கையைக் கட்டணும்னா, என்னால அடுத்தவங்களுக்கு அடி படும்னு இருக்கணும்.”

“ஆரம்பிச்சுட்டா லெக்சரை! கம்பெனில உன்னை லிஃப்ட் குழியில இறங்கவிடாம பெஞ்சுல உக்கார வெச்சாங்களே, அதுக்கு மட்டும் ஏன் தலையாட்டுன?”

“குழில இறங்கறப்ப மேல நான் மயங்கினா கீழ நிக்கிறவர் தலையிலதான் விழுவேன். அதையும் என் முகத்துக்கு நேரா சொன்னாங்க. உன்னை மாதிரி திருட்டுத்தனம் பண்ணல.”

“அப்ப எனக்குப் பட்டது அடி இல்லையா?” அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். “இன்னும் தோளைத் தூக்க முடியல. நீ உள்ள கிடந்தப்ப வெளிய நான் செத்துட்டேன்டி.”

அவள் சொன்ன நியாயத்தையே அவன் திருப்பிப்போட்டுவிட்டான். அதுவே கோபத்தைக் கூட்டியது.

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். “ஒரு நிமிஷம். வீட்ல இருக்கறது ஒரே குளியலறை. மூணு வாரமா நானும் தாழ்ப்பாள் இல்லாமதான் குளிச்சேனா?”

அண்ணன் முகம் தொங்கிப்போனது. “அது... அதை யோசிக்கல.”

“நல்லா இருக்குங்க உங்க காவல்!”

யோசிக்கல என்ற சொல் அவளை உலுக்கியது. “அண்ணா, அன்னிக்கு முதல் இடியிலயே தாழ்ப்பாள் பிடுங்கிக்கிச்சுன்னுதானே சொன்ன? அப்புறம் எதைத் தள்ளித் தோள் போச்சு?”

“உன்னைத்தான். கதவுல சாஞ்சு கிடந்த.”

“கதவு உள்பக்கமா திறக்குது. தாழ்ப்பாளே இல்லாட்டியும் நான் அடைச்சுக்கிட்டுத்தான் கிடந்திருப்பேன். நீ அறுத்தது என் மானத்தை மட்டும்தான், உசிரைக் காப்பாத்த அது உதவவே உதவாது!”

அவள் பட்டறை பெஞ்சில் தினம் தொடும் பூட்டை நினைத்துக்கொண்டாள். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. ஆனால் மேலே சின்ன முக்கோண ஓட்டை ஒன்று இருக்கும், அதற்கென்று தனிச்சாவி. சாவி போடுமுன் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவரைக் கூப்பிட வேண்டும். பதில் சொல்கிறவர் தனக்கு வேண்டியதைத் தானே சொல்வார். பதில் சொல்ல முடியாதவரின் சம்மதத்துக்காக யாரும் காத்து நிற்பதில்லை. புத்தகத்தில் அவள் தேடிய எல்லையும் இந்த வீட்டுக்கு இதுதான். அவளால் பேச முடியாத அந்த நேரம் மட்டும்தான் அண்ணனுடையது. மற்ற நேரமெல்லாம் அவளுடையது.

கோபம் தணியவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அண்ணன் கையில் திணித்தாள். “கீலைக் கழட்டு. ஃபில்டர்காரருக்குப் போன் போட்டு நீயே மன்னிப்புக் கேளு. தாழ்ப்பாளை நான் பாத்துக்கறேன்.”

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. கதவு இப்போது வெளிப்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே யார் விழுந்து கிடந்தாலும் அடைக்காது. புதுத் தாழ்ப்பாள் முழுசாகப் பிடிக்கிறது. வெளியே முக்கோண ஓட்டை. சாவி சமையலறை ஆணியில். தட்ட வேண்டும், கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால் மட்டும் சாவியைப் போட வேண்டும்.