விடுபட்ட அறை

முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் வீட்டுச் சாமானைத் தூக்கிப் பிழைத்தவன் நான். ஒரு மர அலமாரியை மாடிப்படித் திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய்த்தால் நுழையும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். முதுகு கைவிட்ட பிறகு தங்கை வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தேன். வந்து ஆறு வருஷம் ஆகிறது. தங்கையும் மாப்பிள்ளையும் வீடு மாறப் போகிறோம் என்றபோது, யாரும் கேட்பதற்கு முன்பே அந்த வேலையை நானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

புது வீட்டைப் போய்ப் பார்த்தோம். நாலாவது மாடி, மூன்று அறை. அலமாரி போகுமா என்று லிஃப்டையும் அளந்துகொண்டேன். தங்கை மூன்றாவது அறையின் கதவைத் திறந்து, "இது உங்களுக்குண்ணே. கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டா காத்து வரும்ல?" என்றாள். நான் டேப்பை எடுத்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே அளந்தேன். கட்டில் போக ஒரு முழம் மிச்சம் இருந்தது. அங்கே ஒரு சின்ன மேசை போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

நல்ல கம்பெனியாகப் பிடிப்பதுதான் பெரும்பாடு. மாப்பிள்ளை மருந்துக் கடையில் நிற்பவர், எதுவும் அவருக்குச் சட்டென்று முடிய வேண்டும். ஃபோனில் கிடைத்த முதல் கம்பெனியையே பேசிவிடலாம் என்றார். நான் விடவில்லை. இந்தத் தொழிலின் உள்குத்தெல்லாம் எனக்குத் தெரியும். நடுவழியில் லாரி மாற்றுவார்கள். இரண்டு குடும்பத்துச் சாமானும் கலந்துபோகும். ஒரு தடவை ஒரு வீட்டுக் குழந்தையின் தொட்டிலை, கல்யாணமே ஆகாத ஒரு வாத்தியார் வீட்டு வாசலில் இந்தக் கையால்தான் இறக்கினேன். அந்த மாதிரிக் கம்பெனியிலும் சோறு தின்றவன்தான் நான் என்று மறைக்காமல் சொன்னேன். அப்படியென்றால் அவர்களுடைய தில்லுமுல்லைக் கண்டுபிடிக்க மச்சானை விட்டால் ஆளே இல்லை என்று மாப்பிள்ளை சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று கம்பெனியைக் கூப்பிட்டேன். முதல் கம்பெனி ஆளையே அனுப்பவில்லை. எத்தனை அறை என்று ஃபோனில் கேட்டுவிட்டு, தேதி சொல்லுங்கள் போதும் என்றது. இரண்டாவது கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பளபளவென்று ஷூ. வீட்டைப் புகழ்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், எங்கள் ஆட்கள் பூப்போல எடுத்துப் போவார்கள் என்றார். மாடிப்படியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் போன பிறகு தங்கையிடம், பூ எடுக்கிறவன் ஃபிரிட்ஜை எடுக்க மாட்டான் என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஏணி வைத்து ஏறித் தானே பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள், கட்டிலுக்கடியில் குனிந்தாள், படித் திருப்பத்தில் டேப்பைப் பிடித்தாள். பெயிண்ட் டப்பாவையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்ற மாட்டோம், அதற்கு நீங்கள் வேறு வழி பாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். முடியாது என்பதை முதலிலேயே சொல்கிறவரைத்தான் நம்பலாம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அளவுக்காரம்மா என்று மனசுக்குள் பேர் வைத்தேன். லாரி நிறுத்தத் தெருவில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். அளந்து வருகிறேன் என்று நான் கீழே இறங்கினேன். தெருமுனை வரை நடந்து, மின்கம்பத்துக்கும் சுவருக்கும் இடையில் காலடி வைத்து அளந்து பார்த்து, திரும்பி வர கால்மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் மாப்பிள்ளையும் தங்கையும் கூட நிற்க, அவள் வீடு முழுவதையும் எழுதி முடித்திருந்தாள். தொடர்புக்கு என் ஃபோன் நம்பரைக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் கம்பெனி ஆள் ஒருவர் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். தைத்த துணியைக் கொடுக்கத் தங்கை வெளியே போயிருந்தாள். மாப்பிள்ளை கடையில். நான் நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத்தான் படிப்பேன். எந்தச் சாமான், எந்த அறையிலிருந்து, புது வீட்டில் எந்த அறைக்கு என்று பிரித்து எழுதியிருந்தாள். சமையலறைக்குப் பதினாலு பெட்டி. கூடத்தில் பதினொரு உருப்படி. மூன்றாவது அறைக்கு வந்தேன். தையல் மெஷின் இரண்டு, துணி வெட்டும் மேசை ஒன்று, துணி மூட்டை ஒன்பது. அவ்வளவுதான். பின்னறை என்று ஒரு வரியே இல்லை. என் கட்டில் இல்லை, பெட்டி இல்லை, காற்றாடி இல்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் அளவுக்காரம்மா மேல். இத்தனை பொறுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், ஒரு அறையையே முழுசாக விட்டிருக்கிறாளே, மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன் என்று உடனே அவளைக் கூப்பிட்டேன். கொஞ்சம் சூடாகவே பேசினேன். தையல் மெஷினை வேறு என் அறையில் போட்டிருக்கிறாய், கூடத்துக்கு மாற்று என்றேன்.

அவள் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, நான் விடலைங்க. அந்த ரூம் வேண்டாம்னு சார்தான் சொன்னாரு. வேற விலாசத்துல இறக்கணுமான்னு கேட்டேன். அதுக்குத் தனி ஏற்பாடுன்னாரு. எனக்கு மனசு கேக்கல, அம்மாகிட்டயும் ஒரு தடவை கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஆமான்னாங்க."

சரிம்மா, என்மேல்தான் தப்பு என்று சொல்லி ஃபோனை வைத்தேன். மற்ற இரண்டு கம்பெனியில் எதைப் பிடித்திருந்தாலும் இந்த விஷயம் லாரி வந்து நிற்கும்வரை எனக்குத் தெரிந்திருக்காது.

பட்டியலைத் தங்கையின் மெஷின் மேலேயே வைத்தேன். அவள் வந்ததும் எடுத்துப் பார்த்து, மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். படித்தீர்களா என்று கேட்கவில்லை.

இன்னும் நாலு நாள் இருந்தது. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கண்ணாடிச் சாமானைக் காகிதத்தில் சுற்றும்போது பேச்சோடு பேச்சாக, என் கட்டில் கால் ஆடுகிறது, அங்கே போவதற்குள் சரி செய்ய வேண்டும் என்றேன். "முதல்ல போய்ச் சேருவோம்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். இன்னொரு நாள், ஜன்னல் பக்கம் மழைச் சாரல் அடிக்குமோ என்று கேட்டேன். அதெல்லாம் அடிக்காது என்றாள். வாய் கூசவில்லை. சின்ன வயதில் அவள் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இப்போது காதும் சிவக்கவில்லை.

ஆனாலும் வேலையை நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் அறைப் பெயரை எழுதி ஒட்டினேன். தட்டுகளைப் படுக்கப் போடாமல் நிற்க வைத்து அடுக்கினேன். மர அலமாரியைக் கழற்றி, திருகாணிகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினேன். மூன்றாவது அறை என்று ஒன்பது துணி மூட்டையிலும் எழுதியது நான்தான். எழுதி எழுதிக் கை வலித்தது. நாலாவது நாளாவது சொல்வாள், இன்று சாப்பாட்டின்போது சொல்வாள், பாத்திரம் கழுவிவிட்டு வந்து சொல்வாள் என்று நானே நேரம் குறித்துக்கொண்டேன். சமையலறைப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனால் மாப்பிள்ளை சத்தமாக, "மச்சான், உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்தது. நாலு பேர், கையுறை போட்ட நல்ல ஆட்கள். பதினொரு மணிக்கெல்லாம் வீடு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. பின்னறைக் கதவை மட்டும் யாரும் தொடவில்லை. மாப்பிள்ளை ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார். தங்கை லாரிப் பக்கத்தில் பையோடு நின்றாள்.

"அண்ணே, நீங்களும் முன்னாடி ஏறிக்குங்க. அலமாரியை மாட்ட உங்களை விட்டா யாரு."

"மாட்டிட்டு?"

"மாட்டிட்டு..." பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "அவரு உங்களைக் கொண்டுபோய் விட்டுருவாரு."

"எங்கம்மா?"

"உங்க பழைய கம்பெனி குடோன் பக்கத்துல ஒரு இடம் பாத்திருக்கோம். உங்களோட வேலை பாத்தவங்கதான் அங்க தங்கியிருக்காங்க. பேச்சுத் துணைக்கு ஆச்சு. புது வீடு நாலாவது மாடி, உங்க முதுகுக்கு..."

"லிஃப்ட் இருக்கேம்மா. நான்தானே அளந்தேன்."

அவள் லாரிச் சக்கரத்தைப் பார்த்தாள்.

"எப்ப பாத்தீங்க அந்த இடத்தை?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

நாங்கள் புது வீட்டைப் பார்க்கப் போய் ஒன்றரை மாதம்தான் ஆகிறது. கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா என்று அவள் கேட்டது குடோன் பக்கத்து இடத்தைப் பார்த்து வைத்த பிறகுதான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டு எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுப் போயிருவீங்கன்னு அவருதான்..."

"அவரை விடு. நீ என்ன நெனச்ச?"

லாரி டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன்."

"எனக்கு செவ்வாக்கிழமையே தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். புதன், வியாழன், வெள்ளி, சனி என்று அவள் மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். சுற்றிய தட்டு, ஒட்டிய காகிதம், ஒன்பது மூட்டை எல்லாம் கண்ணில் வந்திருக்க வேண்டும். இப்போது காது சிவந்தது. எனக்கு அதில் ஒரு திருப்தியும் வரவில்லை.

குடோன் பக்கத்து இடத்துக்கு நான் போகப் போவதில்லை என்று சொன்னேன். வீட்டுக்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாவி வாங்க வருவார், அதற்குள் எனக்கு ஒரு இடத்தை நானே பார்த்துக்கொள்வேன், தேடி வர வேண்டாம் என்றேன். தங்கை, "அண்ணே" என்றாள்.

திருகாணிப் பையை எடுத்து அவள் கையில் வைத்தேன். நீளமானது நாலும் அடித்தட்டுக்கு, குட்டையானதெல்லாம் கதவுக்கு, முதலில் முதுகுப் பலகையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அன்று ராத்திரி முழுக்க அவர்கள் தரையில் துணியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் பின்பக்கம் போய், கதவின் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். விழுந்திருந்தது. பலகையை ஒரு தட்டுத் தட்டினேன், டிரைவர் வண்டியை எடுத்தார்.