சரசு இறங்காத நிறுத்தம்

பிரேசர் டவுனில் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கூடத்தில் ஜூடித் பள்ளி நடத்திவந்தாள். அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. தெருவில் 'பைத்தியக்கார ஸ்கூல்' என்றார்கள். வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத, மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் பதினோரு பேர் அங்கே வந்தார்கள். யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை.

அதை அவள் ஆரம்பித்தது தன் மகன் நோயலுக்காக. ஐம்பத்தெட்டாம் வருடத்து மழையில் காய்ச்சல் கண்டு நோயல் போய்விட்டான். ஒன்பது வயது. அடக்கம் முடிந்த பிறகு வந்த திங்கட்கிழமை, பள்ளியை மூடிவிடப் போகிறேன் என்று சொல்லத்தான் ஜூடித் கூடத்துக்குப் போனாள். பிள்ளைகள் தாங்களாகவே பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, நோயலின் இடத்தை விட்டுவிட்டுத் தள்ளி உட்காரும்படி மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள். ஜூடித் சொல்ல வந்ததைச் சொல்லாமல் கரும்பலகையைத் துடைத்தாள்.

அதட்டியவள் சரசு. இப்போது, அறுபத்திரண்டில், அவளுக்குப் பதினாறு வயது. அம்மா இல்லை. அப்பா நாராயணசாமிக்கு மில்லில் வேலை. பள்ளி வருவதற்கு முன் அவளை அறைக்குள் விட்டு வெளியே பூட்டிக்கொண்டுதான் அவர் வேலைக்குப் போவார். பள்ளி வந்த பிறகு தினமும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார். இந்த வருடம் அவருடைய ஷிப்ட் காலை ஆறு மணிக்கு மாறியது.

"இனிமே காலைல கூட்டியார முடியாது, டீச்சரம்மா. மதியம் ரெண்டு மணிக்கு மேல வேணா வருவேன். பழையபடி பூட்டிட்டுத்தான் போவணும்" என்றார்.

"பஸ்ல தனியா வரட்டும். நான் பழக்கறேன்."

"வெளையாடறீங்களா? எவன் கூப்ட்டாலும் சிரிச்சிக்கினே பின்னாடி போயிடுவா. வயசுப் பொண்ணு."

"ஆறு வாரம் குடுங்க."

நாராயணசாமி செருப்பை மாட்டிக்கொண்டார். "சரி. ஆனா ஒரு தடவ தப்புச்சுன்னா அவ்ளோதான். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

சிவாஜிநகர் ஸ்டாண்டில் பக்கத்து வீட்டு லட்சுமம்மா சரசுவை ஏற்றிவிடுவாள். பள்ளிக்கு மாஸ்க் ரோடு முனையில் இறங்க வேண்டும். முனையில் சிவப்புத் தபால் பெட்டி உண்டு. அது கண்ணில் பட்டதும் எழுந்திருக்க வேண்டும், இறங்கியதும் டீச்சருக்குக் கை கூப்ப வேண்டும், பாடம் இவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் ஜூடித் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அடுத்த இரண்டு வாரம் பின் வரிசையில். ஐந்தாம் வாரத்திலிருந்து பஸ்ஸில் ஏறாமல் தபால் பெட்டியருகே நின்றாள். எட்டு மணி பஸ்ஸின் கண்டக்டர் சந்தானம் தங்கமான மனுஷன். முனை வந்ததும் சரசுவின் பக்கம் குனிந்து, "ஊரு வந்திரிச்சி, எறங்கு தாயி" என்பார். ஒரு நாளும் தவறவில்லை. ஆறு வாரமும் முடிந்தது. நாராயணசாமி ஒரு நாளும் அறையைப் பூட்டவில்லை.

ஏழாம் வாரம், வியாழக்கிழமை. பஸ் முனையில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஜன்னலோரத்தில் சரசு. ஜூடித்தைப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பாக இரு கைகளையும் கூப்பினாள். "நமஸ்காரம் டீச்சர்!" விசில் கேட்டது. பஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஜூடித் செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினாள். கண்டக்டர் புது ஆள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சரசு தபால் பெட்டியைப் படிக்கவே இல்லை. அவள் படித்தது சந்தானத்தின் குரலை. ஆறு வாரமும் அதே எட்டு மணி பஸ்ஸில் பழக்கியது யார்?

கூடத்தில் உதவிக்கு இருந்த மௌரீனிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு ஜட்காவைப் பிடித்தாள்.

"லிங்கராஜபுரம். சீக்கிரம் போங்க."

"பஸ்ஸைத் தொரத்தறதுக்கு என் குதிரைக்குச் சிறகா மொளைச்சிருக்கு, அம்மா?" என்றார் ஜட்காக்காரர். ஆனாலும் சாட்டையை எடுத்தார்.

கடைசி நிறுத்தமான லிங்கராஜபுரத்தில் பஸ் இல்லை. அவள் வந்து சேருமுன் அது திரும்பிப் போயிருந்தது. டீக்கடைக்காரர் சிரித்தார். "அந்தப் பொண்ணா? கண்டக்டரு எறங்கு எறங்குன்னு கத்தினான். அசையல. பாவமேன்னு நான் ஒரு பன்னைக் காட்டி, வா கண்ணு வான்னு கூப்ட்டேன். மூஞ்சைத் திருப்பிக்கிச்சி."

ஜட்கா சிவாஜிநகருக்குத் திரும்பியது. வழியெல்லாம் ஜூடித் ஜெபம் சொன்னாள், பாதியில் மறந்தாள், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஸ்டாண்டில் அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. அதே ஜன்னல். அதே சரசு. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"உங்க பொண்ணா இது?" என்று பாய்ந்தான் புதுக் கண்டக்டர். "எங்கே எறங்கணும்னு கேட்டா பேச மாட்டேங்குது. டைம் கீப்பர் என்னைத் திட்டறாரு!"

ஜூடித் ஏறி அருகில் உட்கார்ந்தாள். "ஏன் கண்ணு எறங்கல?"

"சந்தானம் சொல்லல" என்றாள் சரசு, டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல.

கூடத்தில் மௌரீன் வாசலிலேயே காத்திருந்தாள். "தேங்க் காட், ஆண்ட்டி! அவ அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பத்திரமா வந்துட்டாள்ல, யாருக்குத் தெரியப் போகுது?"

ஜூடித்துக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால் நாளை காலை ஐந்தரைக்கு அந்த அறையில் பூட்டு விழும். சொல்லாவிட்டால் சரசு வந்துகொண்டிருப்பாள், இன்னொரு வியாழக்கிழமை வரும்வரை. மகளை நம்பி ஒப்படைத்த மனிதரை ஏமாற்றிவிட்டு அந்தக் கூடத்தில் அவளால் நிற்க முடியாது.

மதியம் நாராயணசாமி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னுதுங்க. அவளோடது இல்ல."

அவர் முகம் கறுத்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். படியில் இரண்டு எட்டு இறங்கினார், நின்றார்.

"அந்தப் புது ஆளு கூப்ட்டானா?"

"கத்திக் கூப்பிட்டானாம்."

"எறங்கலியா?"

"எறங்கல. டீக்கடைக்காரர் பன்னைக் காட்டிக் கூப்பிட்டாராம். அதுக்கும் அசையல."

"பன்னுக்குமா?" நாராயணசாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். "இவளா?"

"இவதான்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஜூடித்துக்குத் தெரியவில்லை. சரசு அவர் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பதினாறு வருசமா இவ எவன் பின்னாடியோ போயிடுவான்னு பயந்துக்கினே கெடந்தேன், டீச்சரம்மா" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "தெரியாதவன் கூப்ட்டா போவக் கூடாதுன்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கே." பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மறுபடியும் பழக்குங்க. இன்னும் ஆறு வாரமோ அறுபது வாரமோ. இந்த வாட்டி வேற வேற கண்டக்டரா பாத்துப் பழக்குங்க."

நன்றி சொல்ல வாயெடுத்தாள் ஜூடித். அவர் அதற்குள் கும்பிட்டுவிட்டார்.

மறுநாள் காலை அவள் சிவாஜிநகரிலேயே சரசுவுக்காக நின்றாள். எட்டு மணி பஸ் வந்தது. லீவு முடிந்து வந்திருந்த சந்தானம் படியில் தொங்கியபடி, "ஏறு தாயி" என்றார். சரசு பாய்ந்தாள். ஜூடித் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, எம்மேல கோவமா?"

"கோவம் இல்ல சந்தானம். நீ நல்லா இருக்கணும். போய்ட்டு வா. நாங்க அடுத்த பஸ்ல வர்றோம்."

சந்தானம் ஒன்றும் புரியாமல் விசில் ஊதினார். பஸ் போன திசையைப் பார்த்துச் சரசு உதட்டைப் பிதுக்கினாள். இருவரும் கை கோத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்காக நின்றார்கள்.