பின் அடித்த பாடம்

ஒரு சமூகத்தின் பண்பாட்டை அளக்க வேண்டுமானால், அது தன் பிள்ளைகளின் கண்ணில் படாமல் எதைக் காத்து வைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அந்தப் பள்ளிக்கூடம் காத்து வைத்திருந்தது, உயிரியல் புத்தகத்தின் கடைசிப் பகுதியை. காவலுக்கு நான்கு ஸ்டேப்ளர் பின்கள் இருந்தன.

ஆண்டுதோறும் புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கியதும் அலுவலக உதவியாளர் செய்கிற முதல் வேலை அதுதான். மனித இனப்பெருக்கம் தொடங்குகிற பக்கத்திலிருந்து, தொற்றுநோய்களும் பொதுச் சுகாதாரமும் முடிகிற பக்கம் வரைக்கும் மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் நாலு அடி. தொற்றுநோய் என்ன பாவம் செய்தது என்று கேட்டால், அது இனப்பெருக்கத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. காலராவும் காசநோயும் சகவாச தோஷத்தால் உள்ளே போயின.

இதனால் மாணவர்களுக்கு ஒரு சௌகரியம். எந்தப் பாடம் முக்கியம் என்று அவர்கள் தேட வேண்டியதே இல்லை. புத்தகம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே பின்களைக் கழற்றிவிட்டு, மறுநாள் காலை அதே ஓட்டைகளில் திரும்பச் செருகிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒளிச்சேர்க்கையை யாரும் இவ்வளவு சிரத்தையோடு அணுகியதில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் படித்தால் என்ன விளையும் என்பதை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த உயிரியல் ஆசிரியை மாடிப்படியில் இரண்டு மாணவிகளின் பேச்சிலிருந்து காதால் கேட்டார்.

"கழுத்துல கை போட்டா எய்ட்ஸ் வருமாடி?"

"சும்மா போட்டா வராது. வேர்த்திருந்தா வரும்."

"அப்ப பி.டி. பீரியட் முடிஞ்சு வந்தா?"

"அப்ப கண்டிப்பா வரும். ஆனா மூச்சை அடக்கிக்கிட்டா தப்பிச்சுக்கலாம்."

ஆசிரியை நேரே முதல்வர் அறைக்குப் போனார்.

முதல்வருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் மைக். எதிரே ஒரே ஒருவர் நின்றாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். 'உட்காருங்கள்' என்பதைக்கூட ஏதோ பாலத்தைத் திறந்து வைக்கிற தோரணையில் சொல்வார்.

"அந்தப் பாடத்தை நான் நடத்தணும் சார்," என்றார் ஆசிரியை.

"மேடம்! இந்தப் பள்ளியின் பாரம்பரியம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். ஸ்டேப்ளர்."

"அது ஒழுக்கம்! பாடம் நடத்தினா பிள்ளைங்க கேள்வி கேக்கும். கேட்டா பதில் சொல்ல வேண்டி வரும்."

"அதுக்குத்தானே சார் எனக்குச் சம்பளம் குடுக்குறீங்க?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு தீர்ப்பு வழங்கினார். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் ஆசிரியை ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பின்னை எடுத்துவிடலாம். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் பின் இருந்த இடத்தில் இருக்கும். ஆசிரியை மட்டும் இருந்த இடத்தில் இருக்க மாட்டார்.

"மூணாம் வகுப்புக்குப் போயிடுவீங்க. இலை, தண்டு, வேர்."

"சரிங்க சார்."

ஆசிரியை அழுவார் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தார் முதல்வர். அதை வீணாக்காமல் தன் மூக்கையே துடைத்துக்கொண்டார்.

ஆட்சேபிக்கப்போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெற்றோர் சங்கத் தலைவி மருந்துக்கடை நடத்துபவர். காய்ச்சல் மாத்திரையைக் கண்ணைப் பார்த்துக் கொடுப்பார். வேறு சில சரக்குகளைக் கறுப்பு உறையில் சுற்றி, சுவரைப் பார்த்துக் கொடுப்பார். வாங்குகிற காசைக்கூட அப்போது எண்ணிப் பார்க்க மாட்டார், அவ்வளவு கூச்சம். அவருடைய மகள் அந்தப் பாடம் உள்ள வகுப்பில்தான் படித்தாள்.

கூட்டத்தன்று மேடையில் நீள மேசை போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் டம்ளர்களை அடுக்கியிருந்தார் ஆசிரியை. எல்லாவற்றிலும் பாதியளவு தெளிந்த தண்ணீர். முதல்வரும் சங்கத் தலைவியும் சில பெற்றோர்களும் சில ஆசிரியர்களும் மேடைக்கு வந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

"இதுல ஒரே ஒரு டம்ளர்ல மட்டும் நோய் இருக்கு," என்றார் ஆசிரியை. "பயப்படாதீங்க, கொஞ்சம் சலவை சோடாதான். ஆனா பார்த்தா தெரியாது. நான் கைதட்டினதும் யாராவது ஒருத்தர்கிட்ட போய், அவங்க டம்ளர்ல கொஞ்சம் ஊத்தி, அவங்ககிட்டேர்ந்து கொஞ்சம் வாங்கிக்கணும். மூணு சுற்று. இஷ்டமில்லாதவங்க மாத்தாம இருக்கலாம். யாரும் எதையும் குடிக்காதீங்க."

"இந்த மாத்திக்கிறதுங்கிறது எதைக் குறிக்குதுன்னு விளக்கம் வேண்டாம்," என்றார் சங்கத் தலைவி.

"விளக்கலீங்க. டம்ளர்னே வச்சுக்குவோம்."

கடைசி விதியைச் சொன்னபோது முதல்வர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விதிகள் என்றால் பொதுவாக அது மற்றவர்களுக்கு என்பது அவருடைய அனுபவம். தட்டி முடித்ததும் தன் டம்ளரை உயர்த்திப் பிடித்தார்.

"நான் யாருடனும் மாற்றிக்கொள்ளப்போவதில்லை! கட்டுப்பாடு ஒன்றே கவசம் என்பதற்கு இந்த டம்ளரே சாட்சியாக நிற்கும்!"

கைதட்டல் எழுந்தது. அதையே ஆசிரியையின் கைதட்டலாக எடுத்துக்கொண்டு ஆட்டமும் தொடங்கிவிட்டது.

முதலில் எல்லோரும் நெளிந்தார்கள். கணக்கு ஆசிரியர் மூலையிலேயே நின்றார். அவர் பள்ளியில் யாரிடமும் நிமிர்ந்து பேசாதவர். உடற்பயிற்சி ஆசிரியர்தான் போய், "என்ன சார், கல்யாண வீட்டுக்குத் தப்பா வந்தவர் மாதிரி நிக்கிறீங்க, ஊத்துங்க!" என்று மாற்றிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. சுற்றுக்கு ஒருவர் என்பதெல்லாம் அவருக்குப் பொருந்தவில்லை. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஊற்றினார், வாங்கினார். சங்கத் தலைவி ஒருமுறை மட்டும், அதுவும் மரியாதைக்காக, அவருடன் மாற்றிக்கொண்டு டம்ளரை மேசையில் முதல்வருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழே கணவரிடம் ஏதோ சொல்லத் திரும்பிக்கொண்டார். இவ்வளவு நேரமும் முதல்வர் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் முடிந்தது. ஆசிரியை ஒரு சின்னப் புட்டியோடு வந்தார். அதிலிருந்து ஒரு சொட்டு விட்டால், நோய் இருக்கிற தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும்.

சொட்டு விட விட டம்ளர்கள் சிவந்தன. கூடத்தில் சிரிப்பு. உடற்பயிற்சி ஆசிரியருடையது ரோஜாப்பூ நிறத்துக்கு வந்தபோது, "எதிர்பார்த்ததுதான்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சங்கத் தலைவியுடையதும் சிவந்தது. அவர் முகமும் கூடவே.

"நான் ஒரே ஒருத்தர்கூடத்தானே மாத்தினேன்!"

"அந்த ஒருத்தர் யார்யார்கூட மாத்தினாருங்க?" என்றார் ஆசிரியை.

தலைவி உடற்பயிற்சி ஆசிரியரைப் பார்த்தார். உடற்பயிற்சி ஆசிரியர் கூரையைப் பார்த்தார்.

"இதைத்தாங்க பாடத்துல சொல்லியிருக்கு. நாம ஒருத்தரைத்தான் பார்க்கிறோம். அவருக்குப் பின்னாடி ஒரு வரிசையே நிக்குது."

"இப்போது," என்றார் முதல்வர், மைக்கில், "கட்டுப்பாட்டின் டம்ளர்!"

ஆசிரியை ஒரு சொட்டு விட்டார். கட்டுப்பாட்டின் டம்ளர் இளஞ்சிவப்பாக மாறியது.

 கூடத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. முதல்வர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மறுபக்கத்தில் வேறு நிறம் இருக்கும் என்பது போல.

"மருந்துல கோளாறு," என்றார்.

"மாத்தாதவங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க சார். அவங்களுது தெளிவாத்தான் இருக்கு," என்றார் ஆசிரியை. குரலில் கோபமும் இல்லை, குறும்பும் இல்லை. "எங்கேர்ந்தோ வந்திருக்கு. கண்டுபிடிச்சிடலாம். யாரையும் குத்தம் சொல்லாம கேட்டுக்கிட்டே போனா வழி தானா தெரியும்."

அப்போதுதான் சங்கத் தலைவி தன் டம்ளரைக் கவனித்தார்.

"என்னங்க இது, என்னோடதுல பாதியைக் காணோம்?"

மூன்றாவது வரிசையில் அவருடைய கணவர் எழுந்து நின்றார். சாதாரணமாகக் கூட்டங்களில் தூங்குகிறவர் அவர்.

"யாரு எடுத்தது?" என்றார். "எனக்கு இப்ப தெரிஞ்சாகணும்."

முதல்வர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக் காலைக்குள் மருந்துக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஊர் ஒரு பாலமே கட்டிவிடும். வாயைத் திறந்தால் கட்டுப்பாடு போய்விடும். ஆசிரியையின் பக்கம் குனிந்து, காதோடு காதாகச் சொன்னார். ஆனால் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரகசியம் பேசிப் பழக்கமில்லாதவர்.

"தாகமா இருந்தது," என்றது ஒலிபெருக்கி, கூடம் முழுவதற்கும். "பேசப் பேச நாக்கு வறண்டு போச்சு. குடிச்சுட்டேன். கடைசியில பார்த்தா டம்ளர் காலி. காலி டம்ளரை எப்படித் தூக்கிக் காட்டுறது? பக்கத்துல இருந்ததுலேர்ந்து கொஞ்சம் ஊத்திக்கிட்டேன்."

"ஊத்தின பிறகு குடிச்சீங்களா சார்?" ஆசிரியை அவசரமாகக் கேட்டார்.

"இல்லைம்மா, சத்தியமா இல்லை."

கூடம் வெடித்துச் சிரித்தது. சங்கத் தலைவியின் கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், நிம்மதியில். சிரிப்பு அடங்கும் வரை ஆசிரியை காத்திருந்தார்.

"சோடா இருந்தது கணக்கு சார் எடுத்த டம்ளர்ல. அவர்கிட்டேர்ந்து பி.டி. சாருக்கு. அவர்கிட்டேர்ந்து தலைவிக்கு. அங்கேர்ந்து முதல்வருக்கு. சார் சொன்னதாலதான் தெரிஞ்சுது. நாம எல்லாரும் சேர்ந்து திட்டியிருந்தா சொல்லியிருப்பாரா? இதுக்குப் பேருதாங்க பொதுச் சுகாதாரம். நோய் வந்தவங்களைத் தேடுறோம், கெட்டவங்களை இல்லை. பாடம் அவ்வளவுதான். ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்."

எல்லோரும் சங்கத் தலைவியைப் பார்த்தார்கள். அவர் சிவந்த டம்ளரை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"இருபது வருஷமா மருந்துக்கடை வச்சிருக்கேன்," என்றார். "என் பொண்ணு போன வாரம் ஒண்ணு கேட்டா. போய் சாப்பிடுடின்னுட்டேன். சாப்பிட்டுட்டு வந்து மறுபடியும் கேட்டா." டம்ளரை மேசையில் வைத்தார். "பின்னை எடுங்கம்மா. நீங்களே சொல்லிக்குடுங்க. என்னால ஆகாது."

முதல்வர் மைக்கை நெருங்கினார். தம்முடைய டம்ளர் சிவந்தது, பெற்றோரின் விழிப்புணர்வைச் சோதிக்கத் தாமே வகுத்த ஏற்பாடு என்று அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை, எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அலுவலக உதவியாளர் பின்களை எடுத்தார். எடுக்க எடுக்க, "இவ்ளோ லூசா இருக்கே, நான் இறுக்கித்தானே அடிச்சேன்," என்று வியந்துகொண்டே எடுத்தார்.

பாடம் தொடங்கிய நாளன்று, ஒழுக்கத்தைக் கண்காணிக்க முதல்வரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆசிரியை கரும்பலகையில் படம் போட்டார். உறுப்புகளின் பெயர்களை முழுப் பெயராகவே எழுதினார். முதல் சில நிமிடங்கள் கிக்கிக்கென்று ஓர் ஓரத்தில் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியை சிரிக்கட்டும் என்று விட்டார். கேள்விகள் வரத் தொடங்கியதும் சிரிக்க யாருக்கும் நேரமில்லை. வேர்வையால் எய்ட்ஸ் வராது என்று ஆசிரியை சொன்னதும் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். மருந்துக்கடைக்காரரின் மகள் மட்டுமே அரை டஜன் கேள்வி கேட்டாள்.

"அம்மாகிட்ட எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான் இருக்கு," என்று முடித்தார் ஆசிரியை. "எக்ஸ், ஒய் ரெண்டும் இருக்கிறது அப்பாகிட்ட. அவர்கிட்டேர்ந்து எக்ஸ் வந்தா பெண் குழந்தை, ஒய் வந்தா ஆண் குழந்தை. வேற ஏதாவது கேக்கணுமா?"

கடைசி பெஞ்சில் முதல்வர் எழுந்து நின்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அந்தப் பள்ளிக்கூடம் கேட்டதில்லை.

"எப்பவுமே அப்பாகிட்டேர்ந்துதானா?"

"எப்பவுமே சார்."

"அம்மாவுக்கு இதுல பங்கே இல்லையா?"

"இதுல இல்லை சார்."

முதல்வர் உட்கார்ந்தார்.

அவருக்கு ஐந்து பெண்கள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் அவர் மனைவியோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார்.