கறுப்புக் கட்டை

கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளிலேயே பாட்டு முழுக்க நடந்தது. கடைசிச் சொல்லான "வருவான்" வந்ததும், மெட்டுப் போட்ட தம்பிக்காரன் ஒரு கறுப்புக் கட்டையைக் கொண்டுவந்து வைத்தான். அந்த மெட்டுக்குச் சொந்தமே இல்லாத ஸ்வரம்.

பாட்டு, போன வருஷம் விபத்தில் இறந்துபோன அக்கா மகனுக்காக. பாட வேண்டியவளும் அக்காதான். அவள் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அதற்குள் பாடியாக வேண்டும்.

"என்னடா இது, சோத்துல கல்லு மாதிரி?" என்றாள் அக்கா.

"எல்லா ஸ்வரமும் ஒழுங்கா இருந்தா அவன் நெஜமாவே வந்துடுவான்னு ஆயிடும்க்கா. அவன் வரமாட்டான்."

"அத நீ எனக்குச் சொல்றியா?" என்று சீறினாள். பெற்ற வயிறு, வேறெப்படிப் பேசும்?

ரெக்கார்டிங் அன்று ஸ்டுடியோவில் எத்தனை முறை பாடினாலும் அந்த இடத்தில் வெள்ளைக் கட்டையிலேயே போய் நின்றாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தம்பிக்காரனே, "விடுக்கா, உன் இஷ்டம்" என்று இறங்கி வந்தான். அப்புறம்தான், யாரும் கேட்காமலே, அந்தக் கறுப்பு ஸ்வரத்தைப் பாடினாள். பாடும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ஆபரேஷனில் அக்கா பிழைத்தாள். குரல் போயிற்று.

தேறியதும், முடிந்த பாட்டைக் கேட்கக் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். ரெக்கார்டிங் இன்ஜினியர் பாட்டை ஓடவிட்டார். வெட்டி ஒட்டுவதில் சூரர். எல்லோருக்கும் அவர் கத்தரிதான். பாட்டு "வருவான்" என்று முடிந்தது, சுத்தமாக, வெள்ளைக் கட்டையில்.

தம்பிக்காரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யோவ் கத்தரி, அந்த ஸ்வரம் எங்கய்யா?"

"அதுவா சார்... உடம்பு முடியாம பாடுனாங்களே, தவறிடுச்சு போலன்னு மெஷின்ல சரிபண்ணிட்டேன். அம்மா பேரு கெடக்கூடாதேன்னுதான்..."

"பழசு இருக்கா?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன் சார்."

அட பாவி மனுஷா! கெட்ட எண்ணம் என்றாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்க்கலாம். இந்த ஆளை என்ன செய்ய?

"மெஷின்லயே திரும்ப அந்த ஸ்வரத்துக்கு எறக்கிடலாம் சார்," என்றார் கத்தரி, தலையைச் சொறிந்தபடி.

"எறக்கலாம்யா. அது அவ பாடுனதாகுமா?" தம்பிக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அக்கா மேசையைத் தட்டினாள். இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டு, எழுந்து கீபோர்டு பக்கம் போனாள்.

பாட்டு ஓடியது. கடைசி வரி வந்தது. அவள் குரல் "வருவான்" என்று வெள்ளைக் கட்டையில் நீண்டபோது, பக்கத்துக் கறுப்புக் கட்டையை அவள் அழுத்தினாள். இரண்டும் உரசிக்கொண்டன; காது கூசியது. விரலை அவள் எடுக்கவில்லை. குரல் ஓய்ந்த பிறகும் அந்தக் கறுப்புக் கட்டை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

தம்பிக்காரன் எழுந்து அவள் பக்கம் வந்தான். "போதும்க்கா" என்றான்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கத்தரியைப் பார்த்து, ரெக்கார்டிங் பட்டனைக் காட்டினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதை அழுத்தி, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார்.

அக்கா கறுப்புக் கட்டையின்மேல் விரலை வைத்துக்கொண்டு, தன் குரல் அந்த இடத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தாள்.