அச்சில் இல்லாத கோழி

1908 அக்டோபர் பதினாறு, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்கு ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அந்த ஒற்றைச் சொல்லுக்காக வினிஃப்ரட் டான்ஸ்லி பதினோரு மாதமாக அகராதி அலுவலகத்தில் மேற்கோள் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சூரியன் மறைந்தாலும் செட். மேசையில் தட்டு வைத்தாலும் செட். ஒடிந்த எலும்பைக் கூட்டினாலும், நாயை ஆள்மேல் ஏவினாலும் செட். நூற்று நாற்பது பொருள் தேறியது. சீட்டுகளை எழுதி அனுப்பியவர்கள் பெரும்பாலும் பாதிரியார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை இல்லாதவர்கள். பழைய பிரசங்கங்களைப் புரட்டி வரிவரியாக எடுத்தெழுதினார்கள். கோழியை அடை வைப்பதற்கும் அதே சொல்தான் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. முட்டை மட்டும் தினமும் தின்றார்கள்.

அவள் அதை நூற்று நாற்பத்தொன்றாகச் சேர்த்தாள். கோடைக் கடைசியில் பதிப்பாசிரியர் லாத்பரி சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

“அச்சுல சான்று எங்க, மிஸ் டான்ஸ்லி?”

“எங்கம்மா சொல்வாங்க, சார். எங்க யார்க்ஷயர் பக்கம் எல்லாருமே சொல்வாங்க.”

“உங்கம்மா ஏதாவது புத்தகம் எழுதியிருக்காங்களா?”

“கோழி வளர்த்தாங்க.”

“அப்ப அப்படி ஒரு அர்த்தமே கிடையாது.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அச்சில் வராத எதுவும் அவருக்கு இல்லாததுதான். இப்போது விட்டால் இந்தச் சொல்லை மறுபடி திறக்க நூறு வருடம் ஆகும். அம்மா ஆயுசு முழுக்கப் பேசிய பேச்சு பேச்சே இல்லை என்றாகிவிடும்.

கோழியை அடை வைக்க வளர்பிறை நல்லதா தேய்பிறை நல்லதா என்று, அந்த ‘செட்’டையே போட்டு, தன் ஊர் வார இதழுக்கு எழுதினாள். சொந்தப் பெயரில் இரண்டு முறை அனுப்பினாள். வரவில்லை. மூன்றாம் முறை ஓர் எழுத்தையும் மாற்றாமல், அடியில் மட்டும் ‘ரெவரெண்ட் ஆம்புரோஸ் ஃபெல், எல்ம்கோட்’ என்று இல்லாத ஒரு பாதிரியார் பெயரைப் போட்டாள். அடுத்த இதழிலேயே வந்தது, கட்டம் கட்டி.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அந்தத் துண்டை லாத்பரி முன் வைத்தாள். இரண்டு முறை படித்தார்.

“பாத்தீங்களா? படிச்ச மனுஷன் எழுத்து. கோழியைப் பத்தி இவ்வளவு தெளிவா ஒரு பெண்ணால எழுத முடியுமா?”

“முடியாது, சார்.”

தான் போட்ட சிவப்புக் கோட்டைத் தானே ரப்பரால் அழித்தார். பிறகு அச்சகத்துக்குப் போக வேண்டிய தாளை உறையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இப்படி ஒருத்தர நமக்குச் சீட்டு எழுதச் சொல்லாம இத்தனை வருஷம் விட்டுவச்சோமே! அச்சகம் திங்கள் வரைக்கும் காத்திருக்கட்டும். நானே நாளைக்கு ரயில் ஏறி அவரைப் பாத்துட்டு, ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். உங்க ஊர்ப் பக்கம்தானே, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஃபெல் எந்தச் சர்ச்சுல இருக்கார், மிஸ் டான்ஸ்லி?”