அரசாங்கத்துக்குத் தண்ணி காட்டியவர்

தன் கணவரைப் போல ஒரு புத்திசாலி உலகத்திலேயே கிடையாது என்று அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்பவர் அவரேதான். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். சம்பளத்தில் கம்பெனியே வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடும். சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கம்பெனிக்குத் தெரியாமல் பழைய கட்டடங்களுக்குப் போய், பாதியில் நின்றுபோன லிஃப்டுகளைக் கிளப்பிவிட்டு வருவார். அதில் வருவது கிட்டத்தட்ட இன்னொரு சம்பளம். ரொக்கமாக வந்து பீரோவில் துணிமணிகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"இந்தக் காசு இருக்கிறது எனக்கும் இந்த பீரோவுக்கும் மட்டும்தான் தெரியும்" என்பார். கட்டின பெண்டாட்டி கணக்கிலேயே இல்லை.

அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கடைக்கு மாதாமாதம் வரும் ஆடிட்டரிடம் ஒருமுறை மெதுவாக விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்.

"ஏங்க, சம்பளத்துக்கு மட்டும்தான் கம்பெனி வரி பிடிக்குமாம். வெளியில இருந்தும் வருமானம் வந்தா வருஷா வருஷம் நாமதான் வரிக் கணக்குக் காட்டணுமாம்."

அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த காபி சட்டையெல்லாம் தெறித்தது.

"மாத்திரைக்கு பில் போடுறவ எனக்கு வரிப் பாடம் எடுக்கிறியா? எவனும் கேக்கல. நானா போய் 'இந்தா பிடி'ன்னு குடுக்கணுமா? கணக்குக் காட்டுறவன் எல்லாம் கேணப்பய. நான் அரசாங்கத்துக்கே தண்ணி காட்டுறவன்டி."

துவைக்கப்போவது யார் என்று அவள் சட்டையைப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. கடைசியில் இரண்டும் போய் வெறும் இளக்காரம் மிஞ்சியது. கமுக்கமாக ஏமாற்றுகிறவனாக இருந்தாலாவது ஒரு திறமை என்று வைத்துக்கொள்ளலாம். இவர் டீக்கடையில் நின்று ஏமாற்றியதை விளம்பரம் செய்கிற ரகம்.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரர் வந்து, அவர்கள் குடியிருந்த வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். "வெளியில சொல்றதுக்கு முன்னால உங்களைக் கேட்டுடலாம்னு வந்தேன். ஒரு மாசம் பொறுக்கிறேன்."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. இரண்டாவது மாடியில் இரண்டே அறை. காலை வெயில் நேராக அடுப்பு மேடையில் வந்து விழும். ஜன்னல் கம்பிகளுக்கு அவளே பெயின்ட் அடித்திருந்தாள். வாழ்க்கையில் எதற்கும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை. பீரோவில் இருப்பதை முன்பணமாகக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு பேங்கில் கடன் வாங்கலாம் என்று அவளே திட்டம் போட்டாள்.

பேங்கில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா சம்பளச் சீட்டுகளைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"இந்தச் சம்பளத்துக்கு நீங்க கேக்கிறதுல பாதிகூட வராது. வேற வருமானம் இருக்கா?"

கணவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "இருக்கு மேடம். இதே அளவுக்கு இன்னொண்ணு."

"அப்ப பிரச்சினையே இல்ல. மூணு வருஷத்து வரிக் கணக்குக் குடுங்க."

"அது வந்து… அதெல்லாம் காட்டுறதில்ல. கைக்காசு."

அதிகாரியம்மா பேனாவை மூடினார். "கணக்குல இல்லாதது எங்களுக்கு வருமானமே இல்ல சார்."

"இப்பப் போட்டுக் கொண்டாந்தா?"

"தாராளமாப் போடுங்க. அபராதம், வட்டி எல்லாம் கட்டணும். ஆனா கடன் கேட்டு வந்தப்புறம் அவசரமாப் போட்ட கணக்கை எங்க மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. இன்னொரு வருமானம் இருக்குன்னு மட்டும் ஃபாரத்துல எழுதிக்கட்டுமா?"

எழுதிக்கொள்வது என்றதும் ஐயாவுக்கு முகம் வெளுத்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

"வேணாம் மேடம். சம்பளம் மட்டும்தான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் அவருக்குப் பழைய ஜம்பம் திரும்பிவிட்டது. "பேங்க்காரங்களுக்கு ஒரு மண்ணும் தெரியல. யோசிச்சுப் பாரு, இத்தனை வருஷத்துல எவ்வளவு வரி மிச்சம்."

"அந்த மிச்சத்துக்கு அந்தச் சமையல்கட்டை மட்டும் தனியா குடுப்பாங்களான்னு வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

மாதம் முடிந்ததும் ஒரு தம்பதி வீட்டைப் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா கூடத்தை முழத்தால் அளந்துகொண்டே, "இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க. நீங்களே வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டாள்.

கணவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"இவருக்கு அவ்வளவு வருமானம் இல்லைங்க."

வந்த ஆள் நல்ல மனிதர்போல. கணவர் தோளைத் தட்டி, "மனசைத் தளர விடாதீங்க. ஓய்வு நேரத்துல சின்னதா ஏதாவது கைத்தொழில் பாருங்களேன், நாலு காசு சேரும்" என்றார். கணவர் சரி என்று தலையாட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய், குழாயை ரொம்ப இறுக்கினால் சொட்டும், லேசாகத் திருப்பினால் போதும் என்று காட்டினாள். காட்டும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் நிற்கும் கணவருக்குக் கேட்கும்படி அழக் கூடாது என்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.