கோஷத்தில் ஒளிந்த மூச்சு

கடம்பத்தூரில் மலை ஏது? ஏரிக்கரையை விட்டால் உயரம் என்று சொல்ல ஸ்டேஷன் நடைமேம்பாலம்தான் உண்டு. கைலாச மலைக்கு யாத்திரை போகிறவர்கள் அதில்தான் ஏறி இறங்கிப் பழகினார்கள். காலையில் ஆபீஸ் கூட்டம் சென்ட்ரல் ரயிலுக்கு அடித்துப்பிடித்து ஓடும்போது, குறுக்கே இந்தக் கூட்டம் ‘ஓம் நமசிவாய’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு படியேறும். ரயிலை விட்ட ஜனங்கள் சிவனையும் சேர்த்தே திட்டினார்கள்.

கத்தச் சொன்னது வீரராகவன். குழுவை அழைத்துப்போகிறவர் அவர்தான். முன்பு ஒரு தடவை குழுவில் வந்த ஆள் ஒருவர் மலைமேல் மூச்சு முட்டிச் செத்துப்போனார். உடலைக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் இறக்கியதிலிருந்து வீரராகவன், மலையேற உடம்பு தாங்கும் என்று எழுதித் தரும் டாக்டர் சீட்டை நம்புவதை விட்டுவிட்டார். “சீட்டு டப்பு குடுத்தா வரும். மூச்சு வருமா?” என்பார். கோஷம் போட்டுக்கொண்டே பாலம் ஏறி இறங்க வேண்டும். குரல் நின்றால் அந்த ஆள் ஊரோடு நிற்க வேண்டியதுதான்.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் இத்தனை பேர் கூடிக் கத்தும்போது ஒருவன் வாயை மட்டும் அசைத்தால் யாருக்குத் தெரியும்? அது அந்த நல்ல மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது. வாயை அசைத்தவன் அவள் புருஷன் அரசப்பன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் உலைக்கு முன்னால் நின்றே வயதைக் கழித்தவன். டாக்டர் சீட்டை எவனையோ பிடித்து வாங்கிவிட்டான். அவன் பின்னாலேயே படியேறியவளுக்கு, சட்டைக்குள் விலா எலும்பு இழுத்து இழுத்து வாங்குவது தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “இன்னாயா, என்னை முண்டச்சி ஆக்கலாம்னு பாக்கிறியா? மூச்சே இல்லாம எங்க போற நீ?”

“கத்தாதமே. பக்கத்து ஊட்ல கேக்கும்.” பாயில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான். “ஆயுசு பூரா நெருப்பையே பாத்துக்கினு நின்னேன். ஒரே ஒருவாட்டி அந்தப் பனி மலையைப் பாத்துட்டா போதும்மே. மேல உசுரு போனா போவட்டும். கைலாசத்துல சாவறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும். மோட்சம்மே அது.”

அவள் பதில் சொல்லுமுன் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்தான். “ராகவன் அண்ணன்கிட்ட வாயைத் தெறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

வெந்துபோன முகத்தில் கண்கள் மட்டும் கெஞ்சின. பாழாய்ப்போன இரக்கம்! பண்ணிவிட்டாள்.

பண்ணிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலைமேல் கை வைத்துப் பண்ணிய சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு. மீறாவிட்டால் மலையில் அதே தலை சாய்ந்துவிடும். சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்புப் போட்டோமா என்பதே அவளுக்கு நினைவில்லை.

கடைசி ஏற்றம் வந்தது. அன்று தேறியவர்களின் பாஸ்போர்ட்டை மதியமே வாங்கிக்கொண்டு போய் ஏஜெண்டிடம் கொடுப்பதாக வீரராகவன் சொல்லியிருந்தார். செண்பகத்துக்கும் போக ஆசைதான், இல்லாமலா? பாஸ்போர்ட் போட்டோவுக்கென்றே புதுப் புடவை கட்டியவள் அவள். கோஷத்தை எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். நடவு வயலில் அவள் கூப்பிட்டால் ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் திரும்புவான், அப்படித் தொண்டை. அவள் ‘ஓம்’ என்பாள், கூட்டம் ‘நமசிவாய’ என்னும்.

பாதிப் படி ஏறும்போதே அரசப்பன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். பிடரி வியர்வை சட்டையை நனைத்தது. வாய் மட்டும் அழகாக அசைந்தது. “ஓம்!” என்றாள் செண்பகம். இன்னும் கொஞ்சம்தான், பாலத்தின் உச்சி வந்துவிடும். இறங்கிவிட்டால் தேறிவிடுவான். தேறிவிட்டால் அவனைப் பிணமாகத்தான் பார்க்க வேண்டும். ஐயோ கடவுளே, நான் என்ன செய்ய?

அடுத்த ‘ஓம்’ அவள் வாயிலிருந்து வரவில்லை.

பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று பேர் ‘நமசிவாய’ என்றுவிட்டு, முன்குரல் இல்லாமல் விழித்தார்கள். கூட்டம் மொத்தமும் வாயடைத்து நின்றது. அந்த அமைதியில் கேட்டது அரசப்பனின் இழுப்பு, கொல்லன் துருத்தி போல. முன்னால் போன வீரராகவன் திரும்பினார். செண்பகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக அவனிடம் இறங்கி வந்து முதுகில் காதை வைத்தார். அவர் முகம் கறுத்துவிட்டது.

“எத்தினி நாளா ஏமாத்துற அரசப்பா? வாணாம்ப்பா. உன்னையும் தூக்கியாந்து வாசல்ல எறக்க என்னால ஆவாது.” பிறகுதான் அவளைப் பார்த்தார். “உன் கொரலும் நின்னுபோச்சேம்மா.”

“ஆமாண்ணே,” என்றாள் செண்பகம்.

கூட்டம் மெல்லப் பாலத்துக்கு மேலே போயிற்று. அவர்கள் இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்தார்கள்.

“சத்தியம்... பண்ணியேமே,” என்றான் அரசப்பன்.

“பண்ணேன். வாயைத் தெறந்தனா நானு?”

“மோட்சத்தை... கெடுத்துட்டியே... பாவி.”

“உனக்கு மோட்சம், சரி. எனக்கு இன்னாயா கெடைக்கும்? பொட்டில வர்ற உன் பொணமா?” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது. ரயிலுக்கு ஓடுகிற ஜனங்கள் பார்ப்பதைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலையில்லை.

அவன் முதுகில் கை வைத்துத் தடவினாள். வெடுக்கென்று தட்டிவிட்டான். மறுபடி இழுப்பு வந்தது. மறுபடி தடவினாள். இந்தத் தடவை தட்டிவிட அவனுக்கு மூச்சில்லை.